ஐம்பத்தாறாம் வருடத்துக் கொடி

ஏரிச்சமவெளிக் கால்பந்து லீக் தன் எழுபத்தைந்தாம் வருடத்தில் ஒரு புத்தகம் போட்டது. எந்த வருடம் எந்த ஊர் இறுதி ஆட்டத்தில் ஜெயித்துக் கொடி வாங்கியது என்று கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. கூலாபா பதினேழு தடவை. போர் நடந்த வருடங்களுக்கு ஒரு கோடு. எங்கள் ஊர் மெரின்டாவின் பெயர் பட்டியலில் ஓர் இடத்திலும் இல்லை. 1956க்கு நேராகக் கூலாபா என்று போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வைத்திருப்பார்கள். கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி: “இறுதி ஆட்டத்தை வென்றது மெரின்டா. ஓர் ஆட்டக்காரரின் படிவம் தபாலில் சேர்ந்த நாள் செப்டம்பர் 24, மெரின்டா தபால் முத்திரைப்படி.”

அந்த இரண்டு வரியையும் போடச் சொன்னது கிளாரி நூனன். ஐம்பத்தாறில் மெரின்டா அணிக்குத் தலைவன் அவர். தன் கையில் இருந்து பறிபோன கொடிக்குத் தானே சாட்சி எழுதினார் என்றால் கூலாபாக்காரர்கள் இன்றும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். கதை வில்ஃப் ட்ரெசைஸுடையது.

வில்ஃப் எங்கள் ஊர்த் தபால் அதிகாரி. தபால், தந்தி, தொலைபேசி இணைப்பு மூன்றும் அவர் ஒருவர் கையில். கிளாரியின் தங்கை ஐடாவைக் கட்டிக்கொண்டு, தபால் ஆபீசுக்குப் பின்னாலேயே குடியிருந்தார். உயரமான, மெல்லிய, அதிகம் பேசாத மனிதர். சின்ன வயதில் பந்து வந்தால் ஒதுங்கிக்கொள்வார் என்று சொல்வார்கள். ஓடத் தெரியாதவனுக்குப் பேனாவைக் கொடு என்ற கணக்கில் அவரைக் கால்பந்துக் கிளப்பின் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். பதினொரு வருடம் அந்த வேலையையும் பிசகில்லாமல் பார்த்தார்.

தினமும் காலையில் அவர் செய்யும் முதல் வேலை முத்திரையில் தேதி மாற்றுவது. நேற்றைய எண்களைச் சாமணத்தால் பிடுங்கிவிட்டு, இன்றைய எண்களைச் செருகி, ஒரு வெள்ளைத் தாளில் ஒரு குத்துக் குத்திப் பார்ப்பார். அது சரியாக விழுந்த பிறகுதான் ஐடா கொடுக்கும் தேநீரைத் தொடுவார்.

அந்த முத்திரைக்கு அவர் அவ்வளவு மரியாதை கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. நாற்பத்து மூன்றில், நூனன் வீட்டுக் கடைக்குட்டி டெஸ் நியூகினியில் செத்துப்போனான் என்று தந்தி வந்தது. கம்பியில் வந்ததைக் கையால் எழுதி, மடித்து, மாமியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்ததும் வில்ஃப்தான். ஒன்பது நாள் கழித்து டெஸ்ஸிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கிழவி மாவு அப்பிய கையோடு தபால் ஆபீசுக்கு ஓடி வந்தாள்.

“பாரு வில்ஃப், எம்புள்ள கையெழுத்து. உசிரோட இருக்கான். தந்திதான் தப்பு.”

வில்ஃப் உறையைத் திருப்பிப் பார்த்தார். தந்தியில் சொன்ன நாளுக்குப் பதினொரு நாள் முந்திய முத்திரை.

“இது அதுக்கு முன்னாடி போட்டது, அத்தை.”

“இந்தத் தேதி தப்பா இருக்கக் கூடாதா?”

“முத்திரை தப்பா இருக்காது அத்தை. அது பொய் சொல்லாது.”

கிழவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கடிதத்தை மடித்து மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மகனுக்காக வாசல் பார்க்கவில்லை. ஐடா உள்கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கிளாரி அப்போது வேறொரு போர்முனையில் இருந்தார்.

இனி ஐம்பத்தாறு. மெரின்டா அதுவரை கொடியைத் தொட்டதே இல்லை. அந்த வருடம் மெர்வ் என்று, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் ஒருவன் வடக்கேயிருந்து வந்து சேர்ந்தான். கை முழுக்க ஆட்டுக் கொழுப்பு. எங்கள் பக்கத்துக் கால்பந்தில் பந்தைக் கையாலும் பிடிக்கலாம்; அது அந்தக் கையில் ஒட்டிக்கொள்ளும். வேறு லீக்கில் ஆடியவன் என்பதால், அந்த லீக் அவனை விட்டுக்கொடுத்ததற்கான படிவத்தை ஜூன் முப்பதுக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். முத்திரைத் தேதிதான் கணக்கு. இருபத்தாறாம் தேதியே வில்ஃப் படிவத்தை உறையில் போட்டு, ஒட்டி, வெளியூர்க் கடிதங்கள் முத்திரைக்குக் காத்திருக்கும் மர அடுக்கில் செருகினார்.

செப்டம்பர் இருபத்திரண்டு, சனிக்கிழமை, இறுதி ஆட்டம். மைதானத்தைச் சுற்றிக் கார்களும் லாரிகளும் மூக்கை உள்ளே நீட்டி நின்றன. மெரின்டா ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தபோது மெர்வ் பந்தை எட்டிப் பிடித்தான். ஆட்டம் முடிந்த சங்கு ஊதிவிட்டது. ஆனாலும் பிடித்த பந்துக்கு ஓர் உதை உண்டு. உதைத்தான், இரண்டு கம்பத்துக்கும் நடுவே ஆறு புள்ளி. ஒரு புள்ளியில் கொடி. அத்தனை வண்டியும் ஹாரன் அடித்ததில் பக்கத்துப் பண்ணை ஆடுகள் வேலியை முறித்துக்கொண்டு ஓடின. ஞாயிற்றுக்கிழமை கொடியை ஊர் மண்டபத்தில் தொங்கவிட்டார்கள். அதன் ஓரத்தை மடித்துத் தைத்தது ஐடா.

திங்கட்கிழமை காலை லீக் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். கூலாபா புகார் கொடுத்திருக்கிறது. மெர்வின் படிவத்தைக் காணோம்.

“நான் அனுப்பிட்டேனே” என்றார் வில்ஃப்.

“அப்ப ரயில்ல எங்கயாவது சிக்கியிருக்கும். வந்துரட்டும். முத்திரை ஜூன் மாசம்னா ஒரு பய வாய் திறக்க முடியாது.”

வில்ஃப் திரும்பி அடுக்கைப் பார்த்தார். அடுக்கின் பின்பலகையில் ஒரு விரிசல் இருந்தது. அடுத்த வாரம் ஆணி அடிக்கலாம், அடுத்த வாரம் அடிக்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தார். வாழ்த்துச் சொல்ல வந்த கிளாரியின் உதவியோடு அடுக்கைச் சுவரிலிருந்து நகர்த்தினார். சுவருக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு விதைக் கம்பெனி விலைப்பட்டியல் கிடந்தது. அதன் அடியில் அந்த உறை, முத்திரை விழாமல்.

கிளாரி உறையை எடுத்து மேசையில் வைத்தார். தூசியைக்கூடத் தட்டிவிட்டார்.

“நல்லவேளை மாப்ளே, இங்கயே கெடந்துச்சு. ஜூன் இருபத்தாறுன்னு ஒரு குத்து குத்து. முடிஞ்சு போச்சு.”

வில்ஃப் உறையின் வெறும் மூலையைப் பார்த்தார்.

“என்ன யோசிக்கிற? நீ அன்னைக்கு எழுதுனது உண்மைதானே? திருடச் சொல்லலையே உன்ன.”

“இன்னைக்குத்தான் தபால்ல சேருது, மச்சான்.”

“கூறுகெட்டவனே, நாப்பது வருசமா ஊரு காத்துக் கெடந்துச்சுடா. நாளைக்கு மெர்வ் மூஞ்சில எப்படி முழிப்ப? என் மூஞ்சில எப்படி முழிப்ப?”

வில்ஃபின் கை எண்கள் இருந்த தகர டப்பாவை எடுத்தது. ஜூன் மாதத்து எழுத்தும் அதில்தான் கிடந்தது, மற்ற மாதங்களோடு. சாமணத்தால் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவருக்கும் அந்தக் கொடி வேண்டும்; யாரையும்விட அதிகமாக வேண்டும். பந்து தொடாத அவருக்கு அதில் பங்கு என்று இருந்தது அந்த ஒரு படிவம்தான். உள்கதவில் ஐடா வந்து நின்றாள். அண்ணனையும் புருஷனையும் பார்த்தாள்.

வில்ஃப் ஜூனை டப்பாவில் திரும்பப் போட்டார். காலையில் செருகிய தேதி அப்படியே இருக்க, உறையில் ஒரு குத்துக் குத்தினார். செப்டம்பர் 24.

வியாழக்கிழமை லீக் கமிட்டி கூடிக் கொடியைக் கூலாபாவுக்குக் கொடுத்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எங்களுக்கு வாய்க்குள் போனதையே பிடுங்கினார்கள். “நம்ம கொடிய நம்ம செக்ரட்டரியே கூலாபாவுக்கு அனுப்பி வச்சிட்டாரு, ஸ்டாம்ப் ஒட்டி” என்று கிளாரி மதுக்கடையில் சொன்னது அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

யாரும் ஜன்னலில் கல் எறியவில்லை. எங்கள் ஊரில் அப்படிச் செய்ய மாட்டார்கள். அதைவிட மோசமானதைச் செய்வார்கள். தபால் தலை வாங்க வருவார்கள், வாங்குவார்கள், போவார்கள். வானத்தைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். சிலர் இருபது மைல் வண்டி ஓட்டிப்போய் அடுத்த ஊரில் கடிதம் போட்டார்கள். மெர்வ் அடுத்த வருடம் வேறெங்கோ போய்விட்டான். வில்ஃபுக்காவது வேலை இருந்தது. ஐடாவுக்கு என்ன இருந்தது? ஆட்ட நாளில் மண்டபச் சமையலறையில் யார் ஸ்கோன் ரொட்டி சுடுவது, யார் சாண்ட்விச் வெட்டுவது என்று பெண்கள் எழுதி ஒட்டும் தாளில் அவள் பெயர் வராமல் போயிற்று. சனிக்கிழமைகளில் பின்படியில் உட்கார்ந்து, மைதானத்து ஹாரன் சத்தத்தைக் கேட்டபடி தேநீர் குடிப்பாள். அண்ணன் வீடு நானூறு அடி தூரம். அவர் வரவில்லை, கூப்பிடவும் இல்லை.

இத்தனைக்கும் அவள் வில்ஃபிடம் குறை சொன்னது ஒரே ஒரு தடவைதான். அதுவும் நாலைந்து வருடம் கழித்து, துணி மடித்துக்கொண்டே.

“நீங்க அந்தப் பலகைல ஒரு ஆணி அடிச்சிருக்கலாம்.”

முத்திரையைப் பற்றி அவள் சொன்னதே இல்லை. அவள் எண்பத்தொன்றில் செத்துப்போனாள். கிளாரி தேவாலயத்துக்குள் வராமல் வேலியோரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

மெரின்டா அதற்குப் பிறகும் இரண்டு தடவை இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றது. எண்பத்தெட்டில் ஆட ஆள் இல்லை. மறுவருடத்திலிருந்து கூலாபாவோடு சேர்வது என்று முடிவாயிற்று. இனி மெரின்டா என்ற பெயரில் எவனும் கொடி வாங்க முடியாது. அந்த நேரத்தில்தான் புத்தகப் பேச்சு வந்தது. பழைய காகிதங்களை எலி தின்றிருந்தது, எதிர்த்தவர்கள் மண்ணுக்குள் போயிருந்தார்கள், கூலாபாவும் சம்பந்தி ஆகப்போகிற நேரத்தில் முறுக்கிக்கொள்ளவில்லை. படிவம் நேரத்தில் அனுப்பப்பட்டது என்று அன்றைய செயலாளர் ஒரு கையெழுத்துப் போட்டால், ஐம்பத்தாறுக்கு நேராக மெரின்டா என்று எழுதிவிடலாம்.

தட்டச்சு செய்த தாளோடு கிளாரி வந்தார். முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் படியேறுகிறார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வில்ஃப் கதவைத் திறந்து வழிவிட்டார்.

“உக்காரு மச்சான்.”

கிளாரி உட்கார்ந்து தாளை மேசையில் விரித்தார். “அந்த டீம்ல ஆறு பேருதான் மிச்சம். சாகறதுக்குள்ள ஒருதடவ அந்தப் பேரப் பாத்துடறோம். இதுல முத்திரையெல்லாம் இல்ல மாப்ளே. உன் பேரு மட்டும்தான்.”

வில்ஃப் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஓர் உறையைக் கொண்டுவந்து தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். மாமியார் ஐடாவுக்குக் கொடுத்துப்போனது. உறை ஓரத்தில் காய்ந்த மாவுக் கறை இன்னும் இருந்தது.

“இது டெஸ்ஸோட கடைசி லெட்டர். நீ அப்ப ஊர்ல இல்ல. தந்திக்கு அப்புறம் வந்துச்சு. உங்கம்மா ஓடி வந்தாங்க, புள்ள உசிரோட இருக்கான்னு. முத்திரையக் காட்டி இல்லன்னு சொன்னது நான். அது பொய் சொல்லாதுன்னு சொன்னேன். நம்புனாங்க.”

கிளாரி உறையைத் தொடாமல் பார்த்தார்.

“அம்பத்தாறுல நான் வேற தேதி குத்தியிருந்தா, ஐடா என்ன நெனச்சிருப்பா? இந்தாளு கையில இருந்தா முத்திரை எது வேணா சொல்லும்னுதானே. அப்ப எந்தம்பி லெட்டர் தேதியும் பொய்யான்னு கேட்டிருக்க மாட்டாளா? நான் கையெழுத்துப் போடறேன் மச்சான், நீ போடுன்னு சொன்னா. அதுக்கு முன்னாடி இத ஒருதடவ படிச்சிரு.”

கிளாரி கடிதத்தைப் பிரித்தார். பென்சில் எழுத்து, பாதி அழிந்திருந்தது. மழையைப் பற்றி இருந்தது, காலுறை கேட்டிருந்தான். கடைசியில், சண்டை முடிந்து ஆட்டம் தொடங்கும்போது அணியில் தன் இடத்தை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லச் சொல்லியிருந்தான். கிளாரி இரண்டாவது தடவை உறையை மட்டும் படித்தார். முத்திரையை விரலால் தடவினார்.

தட்டச்சுத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“டீ இருக்கா?”

வில்ஃப் தண்ணீர் கொதிக்க வைத்தார். அலமாரியில் இரண்டே கப் இருந்தன. ஒன்றில் தனக்கு ஊற்றிக்கொண்டு, நீலப் பூப் போட்டு விளிம்பில் சிறிது உடைந்திருந்ததைக் கிளாரியின் முன்னால் வைத்தார்.

“வேற கப் இல்லியா உன் வீட்ல?”

“எதுக்கு? வர்றவங்க யாரும் இல்லியே. அது ஐடாவோடது.”

கிளாரி இரண்டு கையாலும் அந்தக் கப்பைப் பிடித்துக்கொண்டார். எழுபது வயது மனிதர், அணித்தலைவர், அழுதார். வில்ஃப் அவரைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். தேநீர் ஆறிய பிறகுதான் கிளாரி குடித்தார், உடைந்த இடத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு.