தணிகாசலம் சாரின் உயரமான அடுப்பு

மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதுதான் செய்தி வந்தது. கடலூரில் தணிகாசலம் சார் தூக்கத்திலேயே போய்விட்டாராம். சிதம்பரத்தில் நம் அலுவலகத்துக்கு எல்லோருக்கும் முன்னால் ரயிலில் வந்து உட்காருகிறவரை அன்று காணவில்லை. வந்ததும் கிண்டல் செய்ய ஒரு வசனம்கூடத் தயாராக வைத்திருந்தேன். அதை விழுங்கிக்கொண்டு பாக்ஸை மூடினேன்.

அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்களுக்கு அவர் கொண்டுவரும் காயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கடுகு, உளுத்தம்பருப்பு, கிள்ளிப் போட்ட மிளகாய், கடைசியில் ஒரு பிடி தேங்காய், அவ்வளவுதான் இருக்கும். நானும் அதையேதான் போடுகிறேன். ஆனால் என் கொத்தவரங்காய் கசக்கும், அவருடையது கசக்காது. எனக்கு எரிச்சலாக வரும். "வீட்டுல அக்காவக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க சார்" என்பேன். மறுநாள் மறக்காமல் பதில் கொண்டுவருவார்.

"வாணலிய மூடுற தட்டுல தண்ணி ஊத்தி வைக்கணுமாம்மா. காய்க்குத் தண்ணி பத்தலன்னா அந்தச் சூடான தண்ணியத்தான் தெளிக்கணுமாம். பச்சத்தண்ணி ஊத்துனா காய் கோவிச்சுக்குமாம்."

சாரின் மனைவி கோமதி அக்காவுக்குத் தனிக் கைமணம் என்று நாம் எல்லோரும் சொல்லுவோம். "சொல்லிடுறேம்மா" என்பார்.

ஒருமுறை, புதிதாக வந்த ஒரு பெண் தன் வீட்டில் கணவர்தான் சமைக்கிறார் என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு வாய் சும்மா இருக்காது. "அப்ப நீ என்னம்மா, தாலி கட்டிக்கிட்டு வந்த கெஸ்ட்டா?" என்றேன். மேசையே சிரித்தது. முகம் தெரியாத அந்த மனிதருக்கு 'சமையக்கார மாப்ள' என்று பெயரும் வைத்தேன், அது ரொம்ப நாள் ஓடியது. சார் சிரிக்கவில்லை. "பசிக்கு ஆம்பள பொம்பள தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு, பாக்ஸை மூடிக்கொண்டு கைகழுவப் போனார். சாப்பிட்டு முடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

துக்கத்துக்கு எல்லோருமாக ஒரு வேன் பிடித்துப் போனோம். நான் கோமதி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி அழுதேன். "இந்தக் கையால எத்தன நாளு சாப்பிட்டிருக்கோம்க்கா. இனிமே யாருக்கு சமைச்சுப் போடுவீங்க?" நம் ஆட்களும் தலையாட்டி அழுதார்கள். அக்கா கைகளை மெல்ல உருவி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். துக்கம் என்று நினைத்தேன்.

கருமாதி முடிந்தபின் தனியாகப் பார்க்கப் போனேன். அக்கா என்னை நேராகச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். மேடைமேல் செங்கல் அடுக்கி, அதன்மேல் ஒரு பலகைக்கல் போட்டு, அதற்கும் மேலே கேஸ் அடுப்பு இருந்தது. சார் எவ்வளவு உயரம் என்று உங்களுக்குத் தெரியும், ரயில் பெட்டி வாசலில் குனிந்துதான் ஏறுவார். அக்கா என் தோளுக்குத்தான் வருவார்.

"இதுல நான் எட்டி சமைச்சிருப்பேன்னு நெனைக்கிறியா செல்வி? கல்யாணமான புதுசுல சமைச்சுப் பாத்தேன், எனக்கு வரல. எல்லாம் அவுரு கைதான்."

"ஏங்க்கா சொல்லவே இல்ல?"

"சொல்றேன்னுதான் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். யாரோ ஒருத்தி வூட்டுக்காரரு சமைக்கிறாருன்னு உங்க ஆபீஸ்ல சிரிச்சாங்கன்னு வந்து சொன்னாரு. சிரிச்சது நீதானாமே?"

சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

"இந்தச் செங்கல்ல எறக்கிக் குடு. இனிமே நான்தான சமைக்கணும்" என்றார்.

இருவருமாக அடுப்பை இறக்கினோம். அக்கா கொத்தவரங்காயை நீளமும் குட்டையுமாக நறுக்கினார். வாணலியில் போட்டதும் நான் பழக்கதோஷத்தில், "தட்டுல தண்ணி ஊத்தி மூடுங்கக்கா" என்றேன்.

"இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்க சொன்னீங்கன்னுதான் சார் சொன்னாரு."

அக்கா தட்டைப் பிடித்தபடியே சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். காய் அடிப்பிடித்துவிட்டது. அதைத்தான் சாப்பிட்டோம்.

கிளம்பும்போது, "ஆபீஸ்ல எல்லாருக்கும் சொல்லிடு. அவுரு பேர இத்தன நாளு நான் வாங்கிக்கிட்டேன். அவுருகிட்டயே போவட்டும்" என்றார்.

"நான் எப்படிக்கா சொல்றது?"

"நீ சிரிச்சதயும் சேத்துச் சொல்லு."

சேர்த்துத்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதியிருக்கிறேன். அன்று கூடத்தில் நாம் அக்காவிடம் சொன்ன பாராட்டு முழுக்கத் தணிகாசலம் சாருடையது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, தட்டில் தண்ணீர் ஊற்றி மூடும் பழக்கம். காலையில் அந்தத் தண்ணீர் சூடேறும்போதெல்லாம் கைகழுவப் போகும் அவர் முதுகு கண்முன் வருகிறது. அவர் சாப்பிட்டு முடித்துவிட்டார் என்று நினைத்ததாக மேலே எழுதியிருக்கிறேனே, அது பொய். பாக்ஸில் பாதிக் காய் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் சிரித்தேன்.