முத்திரை விழாத நண்டுப் புத்தகம்

இன்று எனக்கு மூன்று பார்சல் வேன்கள் ஓடுகின்றன. படித்தது ஐந்தாம் வகுப்பு. சிதம்பரத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு புத்தகத்தையே காப்பாற்றியவன் நான் என்றால் என் மருமகன் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

அப்போது எனக்குப் புத்தகப் பை தூக்கும் வேலை. கடலூர்க் கல்லூரியில் இல்லாத புத்தகத்தைச் சிதம்பரம் இரவல் கொடுக்கும். நான் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்து, படித்து முடித்ததும் வாங்கி வருவேன். மடியில் பை, ஜன்னலோர சீட். செம்மங்குப்பத்துக் கெமிக்கல் நெடி மூக்கில் ஏறினால் கடலூர் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். இப்போது பக்கங்களெல்லாம் செல்போனிலேயே போய்விடுகின்றன. அந்த நெடிகூட எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

ஒருமுறை அலமாரியில் இடமில்லை என்று, யாரும் எடுக்காத புத்தகங்களைக் கழிக்க ஆரம்பித்தார்கள். உள்ளே ஒட்டிய தேதிச் சீட்டில் முத்திரை இல்லையென்றால் பேப்பர் மில்லுக்கு. குவியலின் மேலேயே நண்டுப் புத்தகம் கிடந்தது. பரங்கிப்பேட்டைக் கழிமுக நண்டுகளைப் பற்றிய தடித்த இங்கிலீஷ் புத்தகம். வேறு எங்கும் கிடைக்காது என்று கடலூரில் சொல்வார்கள்.

“மேடம், இது ஓடுற புத்தகம்” என்றேன் நூலகர் அம்மாவிடம்.

“அஞ்சாங்கிளாஸ் புரொபசர் வந்துட்டாரு!” என்றார் அட்டெண்டர்.

“சீட்டு வெள்ளையா இருக்கேண்ணே?” என்றார் மேடம்.

“வெளியூர் போறதுக்கு நீங்க சீட்டுல குத்த மாட்டீங்களே மேடம், தனி நோட்டுலதான எழுதுவீங்க? இது எத்தன தடவ என் மடியிலயே ஒக்காந்து வந்திருக்கு!”

மேடம் இரவல் நோட்டைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் நண்டுப் புத்தகத்தின் எண். கழிக்கும் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டார்.

“நல்ல வேள சொன்னீங்க. நீங்க தூக்குனதையெல்லாம் தனியா எடுத்து வைங்க.”

அட்டெண்டரே ஸ்டூல் இழுத்துப் போட்டார். “ஒக்காரு மச்சான்.”

இங்கிலீஷ் பெயர் படிக்கத் தெரியாது. பைண்டிங் நிறம், மடிந்த மூலை, கையில் கனம், எனக்கு அது போதும். அடியில் ஒரு சின்னப் பச்சைப் புத்தகம். நான் தூக்காதது. சீட்டும் வெள்ளை. அதையும் எடுத்துப் பிழைத்த அடுக்கில் வைத்தேன்.

மேடம் நோட்டைப் பார்த்தார். “இது எப்ப கடலூர் போச்சுண்ணே?”

“அடுத்த வாரம் போவும் மேடம்.”