தொடையில் போட்ட ஊசி

மொழிச் சிறுபான்மையினர் வாழும் பகுதியில் அரசு தரும் அறிவிப்புகள் அவர்கள் மொழியிலும் இருக்க வேண்டும். விதி அதுதான். பணியில் இருந்தபோது அதைச் சுட்டிக்காட்டிப் பல கோப்புகளைத் திருப்பியிருக்கிறேன். பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் இருக்கும் எங்களுக்கு, இன்சுலின் போடும் முறையை விளக்கும் தாள் மலையாளத்தில் மட்டுமே கிடைத்தது.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் மனைவிக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. நான் வாசித்துச் சொன்னேன். தொடையில் ஊசி, பிறகு இட்லி, உடனே வாய்க்கால் மேட்டில் வேகநடை. பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் இருவரும் சேர்ந்துகொண்டதில் நடை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. நான் பத்தடி பின்னால், கைக்கடிகாரத்துடன்.

மூன்றாவது வாரம் மதகருகே நின்றுவிட்டாள். வேர்த்துக் கொட்டியது. "ஏனுங்க, கண்ணு இருட்டிட்டு வருதுங்க" என்று புல்லில் உட்கார்ந்தாள். டீக்கடைச் சர்க்கரைத் தண்ணீர் காப்பாற்றியது.

மருத்துவர் விளக்கினார்: "தொடையில போட்டுட்டு நடந்தா அங்க ரத்த ஓட்டம் கூடி மருந்து வேகமா ஏறிடும். வயித்துல போடுங்க. தினம் நடக்கறதால உடம்புல இன்சுலின் நல்லா வேலை செய்யுது, அளவையும் குறைக்கறேன். இதெல்லாம் அந்தத் தாள்லயே இருக்கே?"

இருந்தது, பின்பக்கத்தில். கையெழுத்துப் போடும் பக்கத்தை மட்டும் வாசிப்பது என் உத்தியோகப் பழக்கம்.

"பொறத்தாலயும் எழுத்து இருக்குதுங்களே. ஆபீஸ்லயும் இப்படித்தானுங்களா?" என்றாள் மனைவி, பேருந்தில் நாலு பேர் கேட்க.

"நானே தமிழ்ல எழுதித் தர்றேன்."

"நீங்க எழுதினா, நீங்க விட்டது விட்டதுதானுங்களே. அவங்க தமிழ்ல குடுக்கட்டும். நானே படிச்சுப்போட்டு நடக்கறேன். அதுவரைக்கும் ஊட்டுலயே இருந்துக்கறேனுங்க."

அப்படியே இருந்தாள். நடை நின்றதும் சர்க்கரை ஏறியது. மருத்துவர் குறைத்த அளவை மறுபடி கூட்டினார். அந்தப் பெண்கள் என்னைக் கண்டால், "அக்காவை எப்பங்க உடுவீங்க?" என்றார்கள். தாளைத் தமிழில் தரும்படி சுகாதாரத் துறைக்கு நான் அபேட்சை எழுதினேன், இங்கே மனுவுக்கு அதுதான் பெயர், விதி எண்ணுடன். பிறகு நினைவூட்டல். அதன் பிறகு மேலிடத்துக்கு நகல். அனுபவத்தில் சொல்கிறேன், நகல்தான் வேலை செய்யும்.

கடைசியில் தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே தமிழில் அச்சிட்ட தாள். பிழைகள் நிறைய இருந்தன. அவற்றைப் பற்றி எழுத வேண்டாம் என்று முடிவு செய்தேன். மனைவி வாசலில் நின்றபடியே இரண்டு பக்கமும் வாசித்தாள். பின்பக்கத்தில், நடக்கும் முன் தொடையில் ஊசி போடக் கூடாது என்ற வரியை என்னிடம் விரலால் காட்டினாள். பிறகு மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொண்டு, அந்தப் பெண்களைப் போனில் அழைத்தாள். பதில் வந்த நாள் ஆடி பதினெட்டு, பெண்களெல்லாம் வாய்க்காலுக்குப் போகும் நாள்.