முதல்ல வீட்ட எடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று ஊருலகத்தில் இரண்டு கஷ்டமாகச் சொல்வார்கள். எங்கள் சாய்ந்தமருதில் இரண்டும் ஒன்றுதான். பெண்ணைப் பெற்றவர் வீட்டைக் கட்டி முடித்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை வந்து அதில் குடியேறுவார், பெற்றவர்கள் அதே வளவுக்குள் பின்பக்கம் ஒரு அறையைப் போட்டுக்கொண்டு போவார்கள். இதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள்தான் நான். ஆனாலும் கமராவுக்குள்ளால் பார்த்த அன்றைக்குத்தான் எனக்குக் குமட்டியது.

கமரா, கட்டாரில் உழைக்கிற என் அண்ணன், காக்கா, அனுப்பியது. அதுவரை நான் எடுத்ததெல்லாம் தோணி, பூனை, அக்கா ராத்தாவின் பிள்ளைகள். எங்கள் ஒழுங்கையில் என்னோடு படித்த ஒருத்திக்குக் கல்யாணம் முடிவானதும் என்னைக் கூப்பிட்டார்கள். என் கெட்டித்தனத்துக்காக என்று நினைத்துவிடாதீர்கள். பொம்பிளைகள் பக்கம் படமெடுக்க ஒரு பொம்பிளை வேண்டும், அவ்வளவுதான். முதல் கல்யாணம். பயத்தில் சார்ஜ் ஏறிய பற்றரிகளையே திரும்பவும் சார்ஜில் போட்டேன். கல்யாணத்துக்கு முதல் நாளே போய் வெளிச்சம் பார்க்க வேண்டும் என்று ஃபோனில் பார்த்த பாடத்தில் சொல்லியிருந்தார்கள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு போனேன்.

வாசலிலேயே கல்யாணப்பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு படம் வேணும்டி. உம்மாவும் வாப்பாவும் ஹோலுக்க இரிக்கிற மாதிரி. கட்டி முடிச்சும் அவங்க ஒருநாளும் அதுக்க குந்தினதில்ல. நாளைக்கு மாப்பிள்ளைட ஆக்கள் நிறைஞ்சிருவாங்க. பொறகு உம்மாவும் வாப்பாவும் பின்னுக்குத் தகர அறைக்குப் போயிருவாங்க."

"இவ்வளவுதானே? இப்பவே எடுப்பம்" என்றேன். அவளுடைய வாப்பாவுக்குச் சவளக்கடையில் வயல் இருந்தது. அந்த வயல்தான் இப்போது இந்த வீடாக நிற்கிறது. ஒரு படம் கூடவா கொடுக்க முடியாது?

உள்ளே போனால் ஹோலின் நடுவில் மாப்பிள்ளையின் ராத்தா நிற்கிறா. வீடு பார்க்க வந்தாவாம். நாளைக்குக் கல்யாணம், இன்றைக்கு என்ன வீடு பார்க்கிற வேலை! என் கையில் கமராவைக் கண்டதும் அவவுக்குப் பெருநாள் வந்த மாதிரி ஆகிவிட்டது.

"புள்ள, நல்ல நேரம் வந்த. முதல்ல வீட்ட எடு. பொண்ண நாளைக்கு எடுக்கலாம்."

எடுத்தேன். ஏசியை எடுக்கச் சொன்னா, எடுத்தேன். குசினியில் அடுப்படிக் கறுப்புக் கல்லு, அலுமாரிக் கதவின் உள்பக்கம், கை கழுவுற பேசின், எல்லாம். குளிக்கிற அறையில் பைப்பைத் திறந்து, "தண்ணி வாறதும் விழட்டும்" என்றா. மாடு வாங்கப் போனவர் வாயைத் திறந்து பல்லுப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். அவராவது மாட்டை ஒருமுறை தடவிக் கொடுப்பார். கல்யாணப்பெண் எங்கள் பின்னால் அறை அறையாக வந்துகொண்டிருந்தாள். அவளை ராத்தா ஒருதரம் திரும்பிப் பார்த்தாவா? இல்லை. சீ! அந்தப் பேசினிலேயே சத்தி எடுத்துவிடலாம் போல இருந்தது.

"இதெல்லாம் என்னத்துக்கு ராத்தா?" என்று கேட்டேன்.

"எங்கட ஆக்கள்ட வாட்ஸப் குரூப்பில போடணும். கேப்பாங்கதானே."

திரும்ப ஹோலுக்கு வந்தபோது பெண்ணின் உம்மாவும் வாப்பாவும் பின்கதவடியில் நின்றார்கள். மகள் சொல்லி வந்திருக்கிறார்கள். உம்மா புதுச் சேலை உடுத்திருந்தா.

"இவங்க என்னத்துக்கு? ஹோல மட்டும் வெறுசா எடு" என்றா ராத்தா.

என் வாய்க்குப் பூட்டு இல்லை என்று என் உம்மா அடிக்கடி ஏசுவா. அன்றைக்கு அது நல்லதுக்கு வந்தது.

"லைட் பார்க்க ஆள் வேணும் ராத்தா. இந்த டைல்ஸ் பளபளப்பில பிளாஷ் தெறிக்கிது. இப்ப ஆள இருத்திப் பார்க்காட்டி நாளைக்கு மாப்பிள்ளைட முகம் கறுப்பா விழும்."

"யா அல்லாஹ்! அப்ப இருத்து புள்ள, இருத்து!" என்று அவவே பதறிப்போய்ச் சோபாவைக் காட்டினா.

மாப்பிள்ளைக்கென்று கொண்டுவந்து வைத்த சிவப்புச் சோபா. பொலித்தீன் உறையும் கழற்றவில்லை. உம்மா அதன் ஓரத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தா. வாப்பா இருக்க முன்னம் குனிந்து, தன் கால் பட்ட இடத்தைச் சாரன் தலைப்பால் துடைத்தார். அவர் கட்டிய வீடு! மகள் பின்னால் நின்று இருவர் தோளிலும் கை வைத்தாள். "சிரிங்க வாப்பா" என்றாள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் நிமிர்ந்து பார்த்தார். எடுத்துவிட்டேன்.

"பொறகு அத அழிச்சிரு" என்றா ராத்தா.

"ஓம் ராத்தா" என்றேன். அழிக்கிற ஆளைப் பார்!

வீட்டுக்கு வரும்போது பொழுது பட்டு மஃரிபு பாங்கு கேட்டது. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எங்கள் வளவின் முன்பக்கம் கூரை இல்லாமல் நிற்கிற கல்லுச் சுவரைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். அது எனக்கான வீடு. காக்காவின் காசு வர வர உயர்கிறது.

தொழுகை முடித்து வந்த வாப்பாவிடமும் உம்மாவிடமும் நடந்ததை எல்லாம் கொட்டினேன். "என்ன மனிசரோ!" என்றா உம்மா. வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "படத்தக் காட்டு மகள்" என்றார். அந்த மூன்று பேரின் படத்தைத்தான் காட்டினேன். பெரிதாக்கச் சொன்னார். பெண்ணின் வாப்பாவின் முகத்தைப் பெரிதாக்கினேன்.

"கீழ, கீழ" என்றார்.

கீழே இறக்கினேன். தோள் போனது, முழங்கால் போனது, அவர் துடைத்த இடம் வந்தது.

"ஆ, நிப்பாட்டு. நல்ல டைல்ஸ். எங்க எடுத்ததாம் எண்டு நாளைக்குக் கேட்டுக்கொண்டு வாவன். காக்காக்கும் இத அனுப்பு."

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் உம்மா கிட்ட வந்து, யாருக்கும் கேட்கக்கூடாது என்கிற மாதிரி மெதுவாகக் கேட்டா.

"மகள், அவங்க பின்னுக்குத் தகரத்தில ஒரு அறை போட்டிரிக்காங்களே, அதுக்க ரெண்டு கட்டில் கொள்ளுமா?"

நான் அந்த அறையை எடுக்கவில்லை. எட்டிக்கூடப் பார்க்கவில்லை.