பால் சேராத குழந்தைகள்

தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் நான் நர்சிங் படித்தபோது பல்லடத்து அக்கா ஒருவர் எங்களோடு படித்தார். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். ஒல்லி உடம்பு, வெறும் கழுத்து. ஆசிரியர் எதைச் சொன்னாலும் "செரிங்க" என்று முணுமுணுப்பார்.

ஒருநாள் உயிர்வேதியியல் வகுப்பில் ஆசிரியர் சொன்னார்: பாலிலுள்ள சர்க்கரையை உடல் பயன்படுத்திக்கொள்ள உதவும் நொதி சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருக்காது; தாய்ப்பாலே அவர்களுக்கு நஞ்சாகி, மஞ்சள் காமாலை கண்டு இறந்துபோவார்கள்.

அக்கா எழுந்தார். "அந்தக் கொறை அம்மாகிட்ட இருந்துதான் வருதுங்களா சார்?"

"அப்பா, அம்மா ரெண்டு பேருகிட்டயும் இருந்தாத்தாம்மா கொழந்தைக்கு வரும். உடனே பாலை நிறுத்திட்டா பொழச்சுக்கும்."

அக்கா உட்கார்ந்துவிட்டார்.

இடைவேளையில் என்னிடம் சொன்னார்: "என்ற கொழந்தைக ரெண்டும் மஞ்சக்காமாலையில போயிருச்சு கண்ணு. உன்ற பாலே வெசம்னு சொல்லி என்ற ஊட்டுக்காரரு ஊட்டுல என்னையத் தொரத்திப்போட்டாங்க."

"அவருக்கும் பங்கு இருக்குதுன்னு இப்பப் போயிச் சொல்லுங்கக்கா."

"அவரு வேற கண்ணாலம் பண்ணிக்கிட்டாரு. அந்தக் கொழந்தைக மூணும் நல்லா இருக்குது. என்ற பேச்ச ஆரு நம்புவாங்க?"

அந்த இரண்டாம் மனைவிக்கு இந்தக் குறை இல்லை, அவ்வளவுதான். ஊருக்கோ அதுவே அக்காவுக்கு எதிரான சாட்சி.

படிப்பு முடியும்வரை கூடவே இருந்தேன். பழி தன்மேல் மட்டுமில்லை என்று தெரிந்த அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்தேன். ஏன் அன்றைக்கு என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.