ஒன்பது புள்ளி நான்கு

என் போனில் ஒரு படம் இருக்கிறது. அது வந்த பிறகு மூன்று போன் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தப் படம் பத்திரமாக வந்துசேர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் பழைய போனைக் கழித்துக்கட்டுவேன். ஒரு பிக்கப் டிரக்கின் டாஷ்போர்டை ஓட்டுநர் இருக்கையிலிருந்து கொஞ்சம் கோணலாக எடுத்த படம். நடுவில் 9.4 என்று ஓர் எண். ஒரு காலன் பெட்ரோலுக்கு ஒன்பது புள்ளி நான்கு மைல். சொந்தமாக வண்டி வைத்திருக்கும் எந்தத் தமிழரிடம் காட்டினாலும் உச்சுக்கொட்டிவிட்டு, இதை விற்றுத் தலைமுழுகு என்பார். அனுப்பியவர் அண்ணாச்சி. கூடவே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அவர் எனக்குச் சொன்னதிலேயே சந்தோஷமான செய்தி அதுதான்.

டெக்ஸாஸுக்கு வந்த புதிதில் நான் இர்விங்கில் ஓர் அபார்ட்மென்டில் தனியாக இருந்தேன். லைசென்ஸ் இல்லை, கார் இல்லை. ஆபீஸோ பிளானோவில். அதே வளாகத்தில் மூன்று கட்டிடம் தள்ளி அண்ணாச்சி இருந்தார். தூத்துக்குடிக்காரர், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர், எங்கள் டீமில் டெஸ்டிங் பார்த்தவர். ஆபீஸில் இருந்த ஏழெட்டுத் தமிழர்களுக்கும் அவர் அண்ணாச்சிதான். கூட வேலை பார்த்த தெலுங்குக்காரர்கள் அதுதான் அவருடைய பெயர் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். காலை ஏழரைக்கு அவருடைய வெள்ளை பிக்கப் என் வாசலில் வந்து நிற்கும். ஒரு வழிக்கு இருபத்தொரு மைல். மற்றவர்கள் எல்லாம் சின்னக் காரில் போகும்போது ஒற்றை ஆள் ஏன் இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுகிறார் என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். "பின்னால இழுக்கதுக்கு ஒரு சாமான் கெடக்குடே" என்றார்.

அந்தச் சாமான் ஒரு கேம்பர். இரண்டு படுக்கை, அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் அடங்கிய சக்கர வீடு. டிரக்கின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். நம்மவர்கள் கூடும் இடத்தில் புது வண்டி ஒன்று வந்து நின்றால் கலரைப் பற்றியா கேட்போம்? மைலேஜ் எவ்வளவு கொடுக்கிறது என்றுதான் முதலில் வாய் திறப்போம். அண்ணாச்சியிடம் அதற்கு இரண்டு பதில் இருந்தது. ஆபீஸ் போய்வந்தால் பதினெட்டரை. கேம்பரை மாட்டினால் பத்துகூட வராது. கனம்தானே காரணம் என்று யாராவது கேட்டுவிட்டால் அவருக்கு உற்சாகம் பிறந்துவிடும். "கனம் இல்லடே, காத்து. ஒரு செவத்தையே கூட்டிக்கிட்டு ஓடுதோம்லா. உள்ள சாமான் இருந்தாலும் ஒண்ணுதான், காலியா இருந்தாலும் ஒண்ணுதான்" என்பார்.

டாஷ்போர்டு காட்டும் எண்ணை அவர் நம்ப மாட்டார். அது முகஸ்துதிக்காக ஒரு மைல் கூட்டிச் சொல்லும் என்பது அவர் கட்சி. டேங்க் நிரப்பும்போதெல்லாம் மைல் மீட்டரைப் பூஜ்யமாக்குவார். அடுத்த முறை நிரப்பும்போது ஓடிய மைலை, பிடித்த காலனால் வகுப்பார். வகுக்கும்வரை பேசமாட்டார். வண்டிக்குள் அவருக்கு இருந்த சட்டம் ஒன்றே ஒன்று. ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் நான் ஷூவைக் கழற்றிவிட்டு டாஷ்போர்டின் மேல் காலை நீட்டிவிட்டேன். அவ்வளவு சாதுவான மனிதர் சுருக்கென்று திரும்பி, "காலை எறக்குடே. அங்க யாரும் கால் வைக்கப்பிடாது" என்றார். வண்டி மேல் இவ்வளவு பக்தியா என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அவருடைய மனைவி நியூ ஜெர்சியில் நர்ஸ். மகளும் அங்கேதான். தானும் மனைவியும் பிரிந்துவிட்டதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "அவங்க அங்க, நான் இங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மகளுக்குப் பதினான்கு வயதானபோது ஒரே ஒரு கோடை விடுமுறைக்கு டெக்ஸாஸ் வந்திருக்கிறாள். அவள் வருகிறாள் என்றுதான் டிரக்கும் கேம்பரும் வாங்கியிருக்கிறார். டெக்ஸோமா ஏரிக்குப் போய் நான்கு நாள் இருந்தார்களாம். அந்த நான்கு நாளைப் பற்றி அவர் எத்தனை முறை பேசினாரோ, எனக்குக் கணக்கில்லை. மகள் ஏரிக்கரையில் மேகி கிண்டியது, வாத்துகளுக்குப் பயந்து கேம்பருக்குள் ஓடியது, எல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது. ஸ்கூல் முடிந்ததும் இன்னொரு கோடைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள் என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும்.

திங்கட்கிழமை காலை, வார இறுதி எப்படிப் போனது என்று கேட்டால், "சனிக்கிழம பூரா கேம்பர்லதான்டே இருந்தேன்" என்பார். மதியச் சாப்பாட்டு மேஜையில் மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். "ஏரிக்கா அண்ணாச்சி? கேம்பர இழுக்கும்போது எவ்ளோ குடுத்துச்சு?" என்பார்கள். "பத்துகூட வரல" என்பார். எங்களுக்கெல்லாம் பொறாமையாக இருக்கும். துணி துவைத்து, ஊருக்கு போன் பேசி, மளிகைக் கடைக்குப் போய்வந்தால் எங்கள் சனிக்கிழமை தீர்ந்துவிடும். இரண்டு மூன்று முறை, "நீயும் வாரியாடே?" என்று என்னைக் கூப்பிட்டார். ஒருமுறை தலைவலி என்றேன், ஒருமுறை ஃப்ரெண்ட் வருகிறான் என்றேன். ஐம்பது வயதுக்காரரோடு ஏரிக்கரையில் என்னத்தைப் பேசிக்கொண்டிருப்பது என்பதுதான் உண்மைக் காரணம்.

ஒரு திங்கட்கிழமை காலை, பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் அவருக்கு ஆபீஸ் போன் வந்துவிட்டது. என்னையே நிரப்பச் சொல்லி ஜாடை காட்டினார். போன திங்கட்கிழமையும் இதே இடத்தில்தான் நிரப்பியிருந்தோம். அவர் செய்வதுபோலவே செய்தேன். மீட்டரில் இருநூற்றுப் பன்னிரண்டு மைல். பிடித்தது பதினொன்றே முக்கால் காலனுக்குக் கொஞ்சம் குறைவு. வகுத்தால் பதினெட்டு சொச்சம். எனக்கு உடனே பொறி தட்டியது. அரைமணி நேரத்துக்கு முன்புதான் சனிக்கிழமை கேம்பரில் இருந்ததாகச் சொல்லியிருந்தார். ஏரிக்குப் போய்வரவே நூற்றைம்பது மைல். கேம்பரை இழுத்துக்கொண்டு போயிருந்தால் சராசரி பதினான்குகூடத் தேறாது. ஐந்து நாள் ஆபீஸ் போய்வந்தால் இருநூற்றுப் பத்து. மிச்சம் இரண்டே மைல். அண்ணாச்சி எங்கேயும் போகவில்லை.

அதை நான் எனக்குள்ளேயே வைத்திருக்கலாம். வைத்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, யார் எங்கே இடறுவார் என்று பார்த்துக் கைதட்டும் புத்தி. மதியம் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த மேஜையில் யாரோ வழக்கம்போல ஏரியைப் பற்றி ஆரம்பித்ததும், "அண்ணாச்சி, ஃபுல் டேங்க்கும் பதினெட்டு குடுத்திருக்கே! கேம்பர் என்ன, றெக்கை முளைச்சுப் பறந்து வந்துச்சா?" என்றேன். கணக்கையும் விளக்கினேன், மிச்சம் இரண்டு மைல் வரைக்கும். எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தன் மேஜையைத் தட்டினான். அண்ணாச்சி தயிர்ச்சாதத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வகுத்தது சரிதான்டே" என்றார். டிஃபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனார். அதில் பாதிச் சாதம் இருந்தது.

மறுநாளும் ஏழரைக்கு வண்டி வந்து நின்றது. அதுதான் அவர் கொடுத்த பெரிய தண்டனை. டோல்வேயில் இருபத்தொரு மைல், வானிலை, டிராஃபிக், அவ்வளவுதான் பேச்சு. அடுத்தடுத்த திங்கட்கிழமைகளில் வார இறுதி எப்படி என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மேஜையில் யாரும் ஏரியைப் பற்றிப் பேசவில்லை. பெட்ரோல் போடும்போது அவர் மைலை வகுப்பதையும் விட்டுவிட்டார். டேங்க்கை மூடிவிட்டுப் பேசாமல் வந்து உட்காருவார். அவரிடம் இருந்த ஒரே ஒரு நல்ல விஷயத்தைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் தெரியவில்லை. லைசென்ஸ் வாங்கிவிட்டால் இவர் பக்கத்தில் உட்கார வேண்டாமே என்று நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை இறக்கிவிடும்போது, வண்டியை அணைக்காமல் முன்னால் பார்த்துக்கொண்டே, "நாளைக்குக் காலைல ஒரு பத்து நிமிஷம் வருவியாடே? லைட்டு பாக்கணும்" என்றார். கேம்பரை மாட்டியதும் அதன் பின்விளக்குகள் எரிகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் ரோட்டில் ஏற வேண்டுமாம். பிரேக்கை ஒருத்தர் மிதிக்க, பின்னால் ஒருத்தர் நின்று பார்க்க வேண்டும். "தனியாளா இருந்தா பெடலுக்குக் கொடைய முட்டுக் குடுத்துட்டு எறங்கி ஓடிப்போய்ப் பாக்கணும். கொட வழுக்கிருது" என்றார். வேறு எதுவும் கேட்காமல் வருகிறேன் என்றேன்.

கேம்பர் நின்ற இடம் எங்கள் அபார்ட்மென்டிலிருந்து ஒரு மைல். கம்பிவேலிக்குள் படகுகளும் பழைய வண்டிகளும் வரிசையாக நிறுத்தியிருக்கும் வாடகை மைதானம். போக ஒரு மைல், வர ஒரு மைல். வண்டியிலிருந்து இறங்கும்போதே எனக்கு அந்த மிச்சம் இரண்டு மைல் விளங்கிவிட்டது. உள்ளே ஏறிப் பார்த்தேன். இரண்டு தட்டு, இரண்டு டம்ளர். மேல்படுக்கையில் புதிதாகப் போட்ட பூப்போட்ட விரிப்பு. மேஜையில் ஒரு பைபிள், ஃபிளாஸ்க், ஜன்னலோரம் போன் சார்ஜர். ஒரு மனிதர் வாராவாரம் உட்கார்ந்து உட்கார்ந்து இருக்கையின் ஒரு பக்கம் மட்டும் அமுங்கியிருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்தார். "சனிக்கிழம அவ போன் பண்ணுவா. 'வேர் ஆர் யூ, டாட்'ம்பா. கேம்பர்லதான் இருக்கேன்னு சொல்லுவேன். 'கூல்'ம்பா. அவளுக்கு அந்த ஏரி ஞாபகம் வரும்லா. பொய்யும் இல்ல பாத்துக்க, கேம்பர்லதான இருந்தேன்" என்றார். நான் தலையாட்டினேன். அவர் எங்களிடம் சொன்னதிலும் பொய் இல்லை. ஏரி என்றது நாங்கள். பத்துகூட வரல என்றது அந்த ஒரே ஒரு பயணத்தின் கணக்கு.

மகளுக்கு ஸ்கூல் முடிந்துவிட்டதாம். நியூ ஜெர்சி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறார். அவள் ஏறுவாளா என்று தெரியாது. "வரேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. 'வீ வில் ஸீ'ன்னா. வாசல்ல போய் நிப்போம்" என்றார். ஆயிரத்தைந்நூறு மைலுக்கு மேல், அந்தச் சுவரையும் இழுத்துக்கொண்டு, 'பார்க்கலாம்' என்ற ஒரு சொல்லை நம்பி. கொக்கியை மாட்டினார், சங்கிலியைப் போட்டார், வயரைச் செருகினார். நான் பின்னால் போய் நின்றேன். அவர் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போடப்போட, நான் கத்தினேன். லெஃப்ட் எரியுது. ரைட் எரியுது. பிரேக்கை மிதித்தார். இரண்டு பக்கமும் சிவப்பாக எரிந்தது. அங்கே நின்றபடியே, "அண்ணாச்சி, அன்னைக்கு லஞ்ச்ல பேசினது தப்பு. ஸாரி" என்றேன். பிரேக் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. பிறகு, கேம்பருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "எரியுதாடே?" என்று குரல் வந்தது. "எரியுது அண்ணாச்சி" என்றேன். சன்னல் வழியே கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

எட்டாவது நாள் அந்தப் படம் வந்தது. 9.4. முதலில் நான் எண்ணைத்தான் பார்த்தேன். போய்க்கொண்டிருக்கிறார் என்று மட்டும் புரிந்தது. சாயங்காலம் மறுபடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் வலது ஓரம் கண்ணில் பட்டது. பக்கத்து இருக்கைக்கு முன்னால், யாரும் கால் வைக்கக்கூடாத அந்த டாஷ்போர்டின் மேல், மஞ்சள் சாக்ஸ் போட்ட இரண்டு கால்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒய்யாரமாகக் கிடந்தன. ஏரிக்குப் போன அந்தக் கோடையிலும் அவள் அங்கேதான் கால் வைத்திருப்பாள். அந்த இடத்தை அவர் அவளுக்காகவே காத்துவைத்திருந்திருக்கிறார். நான் ஆபீஸ் பாத்ரூமில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவர் அப்படியே மாற்றல் வாங்கிக்கொண்டு நியூ ஜெர்சியில் தங்கிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு ஒருவருக்கொருவர் வாழ்த்து அனுப்பிக்கொள்வோம், அவ்வளவுதான்.

இப்போது நான் பிளானோவிலேயே வீடு வாங்கிவிட்டேன். மனைவிக்கு சான்டா கிளாராவில் வேலை, மகனும் அவளோடு. 'அவங்க அங்க, நான் இங்க.' மகனுக்குப் பன்னிரண்டு வயது. சனிக்கிழமை போன் செய்தால், "பிஸி, அப்பா" என்கிறான். நான் தமிழில் கேட்பதெல்லாம் அவனுக்குப் புரிகிறது, நான் எங்கே இருக்கிறேன் என்று மட்டும் அவன் கேட்பதில்லை. என்னிடம் இருப்பது ஹைபிரிட் கார். பக்கத்து இருக்கையில் லேப்டாப் பையை வைத்தால் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து பெல்ட் போடச் சொல்லிக் கத்துகிறது. பைக்கு பெல்ட்டை மாட்டிவிட்டு டோல்வேயில் ஏறுகிறேன். போன வாரம் ஒரு பிறந்தநாள் விழாவில் மைலேஜ் எவ்வளவு என்று கேட்டார்கள். ஐம்பத்தொன்று என்றதும் சுற்றி நின்றவர்கள் எல்லாம் ஆஹா என்றார்கள். அண்ணாச்சி அங்கே இருந்திருந்தால் அந்த எண்ணைக் கேட்டு ஆஹா சொல்லாமல் என் தோளில் கை போட்டிருப்பார்.