ஜப்பான் சின்னம்மா

பாப்பா மடியில் தூங்கிவிட்டால் நான் அசைய மாட்டேன். தொட்டிலில் போடலாம்தான். போட்டால் விழித்துக்கொள்வாளோ, குப்புறக் கவிழ்ந்து மூச்சு முட்டுமோ என்று ஏதாவது தோன்றிக்கொண்டே இருக்கும். அப்படிக் கால் மரத்துப்போய் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் கைப்பேசியில் அதைப் படித்தேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் போர்க்கைதிகளைக் கப்பலின் அடித்தளத்தில் அடைத்துத் தீவுகளுக்குக் கொண்டுபோனார்களாம். உள்ளே மனிதர்கள் இருப்பதற்கு வெளியில் அடையாளமே இல்லை. எதிரியின் சரக்குக் கப்பல் என்று நினைத்து, கைதிகளின் சொந்தப் பக்கத்து நீர்மூழ்கிகளே பல கப்பல்களை மூழ்கடித்திருக்கின்றன. சிங்கப்பூரிலிருந்து ஏற்றப்பட்ட நம் சிப்பாய்களும் அவற்றில் இருந்தார்கள்.

உங்களுக்கு இது சரித்திரம். எனக்கு மாதனூர் அத்தை வீட்டு வாசனை வந்தது. வெற்றிலையும் தலைவலித் தைலமும் கலந்த வாசனை.

அத்தை என் அப்பாவுக்குப் பெரியப்பா மகள். அந்தப் பெரியப்பா பட்டாளத்துக்குப் போய்ச் சிங்கப்பூரில் பிடிபட்டபோது அத்தை கைக்குழந்தை. கூடப் பிடிபட்டுத் திரும்பிவந்த வாலாஜாபேட்டைக்காரர் ஒருவர், “கப்பல்ல ஏத்துனத கண்ணால பாத்தேன்” என்று மட்டும் சொன்னாராம். அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை. செத்தார் என்று யாரும் சொல்லாததால் எங்கள் வீட்டில் அவர் சாகவில்லை. போன பெரியவர்கள் படத்துக்கெல்லாம் சந்தனப் பொட்டு உண்டு. அவர் படத்துக்குக் கிடையாது.

சின்ன வயதில் பள்ளிகொண்டா கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மாதனூரில் இறங்கிவிடுவார். வாசலிலேயே ஆரம்பித்துவிடும்.

“இன்னாக்கா, பெரியப்பா கிட்டேர்ந்து தகவல் வந்துச்சா?”

“அவருக்கு ஏதுடா நேரம்? ஜப்பான்காரிய கட்டிக்கினு குடும்பம் நடத்தறாரே.”

“சின்னம்மா சோறு ஒழுங்கா போடறாங்களா?”

“பச்ச மீனு போடறா. அவர் தலையெழுத்து.”

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள். அந்தச் சின்னம்மாவுக்கு இரண்டு மகன்கள். பெரியவன் கோபக்காரன், சின்னவன் அம்மா பிள்ளை. இதெல்லாம் அத்தை முடிவு செய்தது. நான் கணக்கில் மட்டம் என்று தெரிந்ததும், “ஜப்பான்ல உன் பெரியப்பனுங்க ரேடியோ செய்றானுங்க, உனக்கு கூட்டலே வரலியா?” என்றார். எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

பிறகு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். வாழ்த்துச் சொன்ன கையோடு அத்தை ரகசியக் குரலில் சொன்னார், “ஜப்பான்காரன் எவனாச்சும் வந்தா காத பாரு. நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு காது பெருசு.” பட்டப்படிப்பு முடித்தவள் நான். இருந்தும், வந்த ஒருவரிடம் தோல் சாம்பிளை நீட்டிக்கொண்டு அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், அவர் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சின்னக் காது. அத்தையிடம் சொன்னேன்.

“அப்ப சின்னம்மா ஜாடை,” என்றார், யோசிக்காமல்.

அப்பா இறந்தபின் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. பாப்பாவைப் பார்க்க வந்தபோது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். “உன் போன்ல இன்னா இன்னாவோ வருதே. அந்தக் கப்பல் எங்க போச்சுன்னு பாரேன். கண்ண மூடறதுக்குள்ள தெரிஞ்சா போதும்.” அதனால்தான் தேடினேன்.

சொல்வதா வேண்டாமா என்று பல நாள் குழம்பினேன். “எம்பது தாண்டினவங்க. விட்டுடு,” என்றார் கணவர். ஆனால் அத்தை வாய்விட்டுக் கேட்டாரே. தெரிந்தும் மறைப்பது தப்பில்லையா? பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். பாப்பாவின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே அத்தை கேட்டார்.

“யாரு அடிச்சது?”

“நம்ம பக்கத்து ஆளுங்கதான் அத்தை. உள்ள கைதிங்க இருக்கறது தெரியாம.”

“அவர் ஏறுன கப்பல்தானா?”

“அது தெரியல. ஆனா திரும்பி வராதவங்க நிறைய பேரு அப்படித்தான் போயிருக்காங்க.”

வெளியே கம்பெனி பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே போயிற்று. அது அடங்கும்வரை காத்திருந்தவர்போல அத்தை நிமிர்ந்தார்.

“அப்ப சின்னம்மா?”

சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அந்தப் பசங்க ரெண்டு பேரும்?”

பாப்பா அழுதாள். பால் கொடுக்கும் சாக்கில் குனிந்துகொண்டேன்.

ஒருவர் சாவைத்தான் சொல்லப் போயிருந்தேன். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறேன். பாப்பாவுக்குச் சளி விட்டதா என்று கேட்கிறார், வைத்துவிடுகிறார். சொல்லாமலே இருந்திருக்கலாமோ? கேட்டாரே என்று நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். அந்த ஜப்பான் வீட்டைத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இனி நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.